விட்டா எங்க நிக்கும்?

ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடைக்காரரைக் கோபப்படுத்துவது லேசில் நடக்கிற காரியமில்லை. காலை ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும்போது முப்பது கைகள் ஒன்றாக நீண்டாலும் சிரித்துக்கொண்டே ஆற்றிக் கொடுப்பார். அந்த மனுஷனையே அவள் எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உறுமவைத்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு டீன்னு மட்டும் சொன்னா சக்கர போடுவியளா, மாட்டியளா?"

"போடுவேம்மா. வேணாம்னா சொல்லணும்."

"சக்கர வியாதிக்காரவங்க சொல்ல மறந்துட்டா?"

"அது அவங்க தலையெழுத்து."

"அது எப்படிண்ணே? ஒண்ணும் சொல்லலைன்னா போடக் கூடாதுல்லா. பொறவு கேட்டா போட்டுக்கிடலாம். போட்டதை எடுக்க முடியுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், எங்கேர்ந்து புட்சாந்த இந்தப் பொண்ண?" என்றார். நான் கண்ணாடி தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்ட்ட கேட்டா எழுதினிய?" என்று அடுத்த கேள்வி வரும். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். எனக்குச் சொந்த ஊரே பக்கத்தில் வடக்குப்பட்டு. இருபது பேர் வேலை பார்க்கும் எங்கள் சின்னக் கம்பெனியில் நான் டெஸ்டிங் செக்‌ஷன் பொறுப்பு. செக்‌ஷன் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், அப்புறம் நான்.

நாங்கள் செய்தது பிரஸ் மெஷின்களுக்கான கன்ட்ரோல் பெட்டி. கார் உதிரிப்பாகத்துக்கான தகட்டை வைத்து மேலிருந்து இரும்பால் ஒரே அடி அடித்து வளைக்கும் மெஷின்தான் பிரஸ். அதன் முன்னால் கம்பிவலைக் கதவு ஒன்று இருக்கும். ஆப்பரேட்டர் தகட்டை உள்ளே வைத்து, கதவை மூடி, காலால் பெடலை மிதிக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் ஏறி நின்று மிதித்தாலும் இரும்பு இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பெட்டியின் வேலை. பெட்டி ஒழுங்காக இருந்தால் பத்து விரலும் பத்திரமாக வீடு திரும்பும். வாலாஜாபாத் ரோட்டில் எங்கள் பெட்டிகள் ஓடிய ஒரு பிரஸ் ஷாப்பில் என் தங்கச்சியும் ஆப்பரேட்டர். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஆகவே எனக்கு விரல் என்றால் அது பாப்பாவின் விரல்.

கதவு மூடியிருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்வது ஒரே ஒரு கம்பி. அது பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் ஒரு காலில், எங்கள் பேச்சில் ஒரு பின்னில், போய்ச் சேரும். பின்னில் பூஜ்யம் வந்தால் கதவு மூடியிருக்கிறது, ஒன்று வந்தால் திறந்திருக்கிறது. சரி, கம்பியே அறுந்துபோனால்? அப்போது அந்தப் பின் ஒன்றா பூஜ்யமா என்று அதற்கே தெரியாது. அதனால் முன்கூட்டியே, கம்பியில்லாத நேரத்தில் மேல்பக்கம், அதாவது ஒன்றின் பக்கம், இழுத்து வை, அல்லது கீழ்ப்பக்கம், பூஜ்யத்தின் பக்கம், இழுத்து வை என்று சிப்புக்குச் சொல்லிவைக்க வேண்டும். கதவுக் கம்பியென்றால் மேல்பக்கம்தான். கம்பி அறுந்ததும் பின் ஒன்றைக் காட்டும், பெட்டி 'கதவு திறந்திருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு பிரஸ்ஸை நிறுத்திவிடும்.

பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்துக்கு அடியில் கர்னல் என்று ஒன்று உண்டு. சிப்போடு நேராகப் பேசுவது அதுதான். அந்தக் கர்னலுக்குள் ஒவ்வொரு பின்னும் எப்படி நிற்க வேண்டும் என்று எழுதிவைப்பது அவள் வேலை. ஒரு போர்டைக் கையில் கொடுத்தால் வேறெதையும் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு பின்னாக விரல் வைத்து, "இதை விட்டா எங்க நிக்கும்?" என்று கேட்பாள். தெரியாது என்றால் விடமாட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றால் முகம் சிவந்துவிடும்.

போர்டோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? மனுஷர்களையும் அதே கேள்வியால் குடைவாள். ஒரு மழைக்காலம். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டால் அனகாபுத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். லீவு உண்டா இல்லையா என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. எங்கள் மேனேஜர் நல்ல சட்டை போடுவார், நன்றாகச் சிரிப்பார், ஆனால் குறுக்கே பேசினால் பிடிக்காது. "லீவுன்னா மெசேஜ் போடுவேன். மெசேஜ் வரலைன்னா ஆபீஸ் உண்டு" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அவள் மட்டும், "மெசேஜ் போடுத ஆளே தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன சார் செய்ய?" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவள் பெயர் அவருடைய மனசில் வேறு பக்கத்தில் ஏறிவிட்டது.

அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் இடையிலும் இதே சட்டம்தான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன். வரவில்லையென்றால் நல்லா இல்லை என்று அர்த்தம். நான்கூட ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இன்னாம்மா இது, ஊர்ல எல்லாரும் போன் வரலைன்னா நல்லா கீறாங்கன்னுதானே நெனச்சிப்பாங்க?"

"அப்படி நெனச்சிதாம்ண்ணே எங்க அப்பாவை ரெண்டு நாளா யாரும் தேடல" என்றாள். மேலே நான் கேட்கவில்லை. கேட்காமல் விடுவதில் நான் கெட்டிக்காரன்.

பழைய சிப் கிடைக்காமல் போனதில்தான் வினை பிடித்தது. வேறு கம்பெனி சிப் வந்து இறங்கியது. அதுவரை பின் எப்படி நிற்க வேண்டும் என்பதை எங்கள் பழைய கோப்பில் எண்ணாகத்தான் எழுதியிருந்தது. இந்தப் பின்னுக்கு ஒன்று, அந்தப் பின்னுக்கு இரண்டு என்று. அந்த எண்ணுக்கு அர்த்தம் அந்தந்தச் சிப்புக்குத்தான் தெரியும். இவள், எண்ணே கூடாது என்று நின்றாள். மேலே இழு, கீழே இழு, இழுக்காமல் விடு, இவ்வளவு பலத்தோடு தள்ளு என்று எல்லாச் சிப்புக்கும் பொதுவான சொற்களில் எழுதிவைக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தன்னுடைய எண்ணாக மாற்றிக்கொள்வது கர்னலுக்குள் அந்தந்தச் சிப்புக்கான பகுதியின் வேலை. சிப் மாறினாலும் சொல் மாறாது. இன்னொன்றும் சொன்னாள். "ஒரு வேலை அந்தச் சிப்பால முடியாதுன்னா, முடியாதுன்னு சத்தமா சொல்லி நின்னுரணும். தெரியாமலே தலையாட்டிட்டுப் போற சிப்பு எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

"எவ்ளோ நாள் ஆகும்?" என்றார் மேனேஜர்.

"மூணு வாரம் சார்."

"ஒரு வாரத்துல பெட்டி போவணும். பழைய பைலையே போடு. அப்புறமா உன் சொல்லு கில்லு எல்லாம் எழுதிக்கோ."

அவள் மறுத்தாள். மேனேஜர் பழைய கோப்பைத் தானே எடுத்துப் புதுச் சிப்பில் ஏற்றிவிட்டு என்னிடம் கொடுத்தார். டெஸ்ட் பண்ண வேண்டியவன் நான்.

என்னிடம் ஒரு ஜிக் உண்டு. நானே வடிவமைத்து, நானே கம்பி இழுத்த சோதனைப் பலகை. போர்டை அதில் பொருத்தினால் பெட்டிக்கு வரவேண்டிய எல்லாக் கம்பியும் ஒரே அழுத்தில் மாட்டிக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் கதவு திறந்த மாதிரி, மூடிய மாதிரி காட்டும். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. புதுப் போர்டுகள் எல்லாமே பாஸ். "சூப்பர் சார்" என்று கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை ஆறு பெட்டி பாப்பாவின் ஷாப்புக்குப் போய்ப் பொருத்தியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பா வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல், "அண்ணா, உங்க புதுப் பெட்டி செமண்ணா! வேல சீக்கிரம் முடியுது. டார்கெட்ட தாண்டிட்டேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம், "பாத்தியா, உன் புள்ள செஞ்ச பெட்டி" என்று பீற்றிக்கொண்டேன். ஏன் சீக்கிரம் முடிகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். அவள் என் மேஜைக்கு வந்து ஜிக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல எல்லாக் கம்பியும் எப்பவும் மாட்டியே இருக்குல்லா?"

"ஆமா. அதுக்குத்தானே ஜிக்கு."

"கழத்தி எப்பவாது பாத்திருக்கியளா?"

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக நான் கட்டிக் காத்த ஜிக். நேற்று வந்தவள் குறை சொல்கிறாளே! "யம்மா, பாஸ் ஆயி, பெட்டி போயி, மெஷின் ஓடிகினு கீது. என் தங்கச்சியே நல்லா கீதுன்னு சொல்லிச்சு. நீ உன் வேலையப் பாரு" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைகள் திரும்பின.

அவள் கையை நீட்டி, கதவுக் கம்பியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது.

கம்பி இல்லை, ஆனால் கதவு மூடியிருக்கிறது என்று பெட்டி சத்தியம் செய்கிறது. அவள் புதுச் சிப்பின் கையேட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். பழைய சிப்பில் இரண்டு என்றால் மேலே இழு. புதியதில் இரண்டு என்றால் கீழே இழு.

"கம்பி மாட்டியிருக்கிறவரை ஒண்ணுமில்லண்ணே. கழண்டாத்தான் வினை" என்றாள். "தங்கச்சி என்ன சொல்லிச்சு? நல்லாருக்குன்னா எப்படி நல்லாருக்காம்?"

"வேல சீக்கிரம்..." என்று தொடங்கியவன் நின்றுவிட்டேன். பிரஸ் இறங்கும் வேகத்தை எங்கள் பெட்டி கூட்ட முடியாது. வேலை சீக்கிரம் முடிய ஒரே ஒரு வழிதான். கதவைத் திறந்து மூடுகிற நேரம் மிச்சமாகியிருக்க வேண்டும். அங்கே கம்பி எங்கோ கழன்றிருக்கிறது, கதவைத் திறந்துபோட்டுவிட்டே பாப்பா பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறாள், திங்கட்கிழமையிலிருந்து.

பாப்பாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷாப்பின் கேட் நம்பருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. பைக் சாவியைக் கையில் எடுத்தபோது அவள் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றாள்.

வாலாஜாபாத் ரோட்டில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். சந்து கிடைத்த இடத்திலெல்லாம் வண்டியை விட்டேன். பாதி தூரத்தில் பின்னாலிருந்து அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தங்கச்சி தகட்டை எந்தக் கையால வைக்கும்?"

"வாய மூடிகினு வா!" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம்.

ஷாப் வாசலில் இறங்கும்போது மேனேஜர் போன். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "கஸ்டமர் கிட்ட ஒண்ணும் வாயத் தொறக்காத. சும்மா சர்வீஸ்னு சொல்லு. ஷிப்ட் முடிஞ்சதும் நைசா கழட்டிகினு வந்துடு. புரியுதா?"

"சரிங்க சார்" என்றேன். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

செக்யூரிட்டி மறித்தார். பாஸ் இல்லாமல் விட முடியாது, உள்ளே இருந்து யாரும் சொல்லவில்லை என்றார். நான் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. அவள் என்னைத் தள்ளிவிட்டு, "சொல்லலைன்னா விடக் கூடாதுதாம்ண்ணே, நீங்க செய்யுததுதான் சரி. ஆனா உள்ள போன் பண்ணுங்க. இப்பமே. ஒரு பொண்ணு கை போயிரும்" என்றாள். அந்த அவசரத்திலும் அந்த ஆளைச் சரியென்று சொல்ல அவளால்தான் முடியும். அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா சார்? பெட்டி நல்லாத்தானே ஓடிகினு கீது?"

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சர்வீ..."

"பெட்டி தப்பு" என்றாள் அவள். "நாங்க பண்ணின தப்பு. கதவுக் கம்பி இல்லைன்னாலும் பிரஸ் இறங்கும். ஆறு மிஷினையும் நிப்பாட்டுங்க."

"லாரி வந்து நிக்குதும்மா. லஞ்சுக்கு இன்னும் அரமணி நேரந்தான். அப்ப பாத்துக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "நெசமா சார்? இன்னும் நாங்க அந்தக் கம்பியவே மாட்டலையே!"

"இன்னாது?"

"புது பிளக்கு சேரல சார். பழசுல நாலு ஓட்ட, இதுல மூணு. பிட்டரு மாட்டாமலே ஓட்டிப் பாத்தான். ஓடுச்சு. சரி, ஓடுதே, பிளக்கு வந்தா மாட்டிக்கலாம்னு..."

அவர் முடிக்கவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளே ஆறு பிரஸ்ஸும் மாறி மாறி இடித்தன. நாலாவது மெஷினில் பாப்பா. கதவு திறந்தது மட்டுமில்லை, இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அதை ஒரு கயிற்றால் ஓரமாகக் கட்டி வைத்திருந்தாள். அச்சில் தகடு சிக்கிக்கொண்டிருக்கும் போல. இடது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். வலது கால் பெடல்மேல் இருந்தது.

கத்தினேனா என்று தெரியவில்லை. கத்தியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. சிவப்புப் பட்டனை முஷ்டியால் குத்தினேன். மோட்டார் இழுத்துக்கொண்டே அடங்கியது. பாப்பா கையை வெளியே எடுத்து, "ஐய, இன்னாண்ணா நீ இங்க?" என்று சிரித்தாள்.

சூப்பர்வைசர் பின்னாலேயே வந்து குதித்தார். மூன்று நாளாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்றார். அவள் அவரோடு வாதாடவில்லை. "ஆளை எல்லாம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. உள்ள எதையாவது வச்சு, கதவைத் தொறந்தே போட்டு, கம்பால பெடலை அமுக்கிப் பாருங்க" என்றாள். பாப்பா தன் இடது கையுறையைக் கழற்றி, எண்ணெய் துடைக்கும் பஞ்சை அதற்குள் திணித்து, அச்சின்மேல் வைத்தாள். சூப்பர்வைசர் மெஷினை மறுபடி போட்டு, ஒரு நீளக் கம்பால் பெடலைத் தொட்டார்.

இறங்கியது. மேலே போன பிறகு பார்த்தால், கையுறையில் ஐந்து விரலும் தகட்டின் அளவுக்கு மெலிந்து ஒட்டிக் கிடந்தன. பாப்பா சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஐந்து பிரஸ்ஸையும் யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள்.

அவள் அந்தக் கையுறையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குக் கீழே மாட்டாமல் தொங்கிய பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையின் ஜிப்பை மூடத் திரும்பத் திரும்ப முயன்றாள். "மாட்டலைன்னா ஓடியிருக்கக் கூடாதுண்ணே" என்றாள். "ஓடாம இருந்திருந்தா அந்தப் பிட்டர் நமக்கு ஒரு போன் போட்டுருப்பாரு. அவரை என்ன சொல்ல?"

ஆறு பெட்டியையும் அன்றே கழற்றினோம். அவள் கேட்ட மூன்று வாரம் கிடைத்தது. எண்கள் எல்லாம் போய், எல்லாப் பின்னுக்கும் சொல் வந்தது. புதுப் பெட்டி போன அன்று அதே பிட்டரிடமிருந்து புகார். "சார், இன்னா பெட்டி இது? பிளக்கு மாட்டலைன்னா ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது!" அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கூட்ரோட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் அவள் தம்ளரில் மட்டும் சக்கரை போடாமல் கொடுத்து, "கேட்டாத்தான்" என்றார். அவள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் அந்த ஷாப், அடுத்த ஆர்டர் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. மேனேஜர் மீட்டிங் கூப்பிட்டார்.

"கம்பெனி தப்புன்னு கஸ்டமர் முன்னாடி சொல்ல இவங்களுக்கு யார் பர்மிஷன் குடுத்தா? பழைய பைல் போட்டா தப்பு வரும்னு எனக்கு யாராச்சும் எழுதிக் குடுத்தீங்களா? டெஸ்டிங்ல பாஸ்னு கையெழுத்து இருக்கு." என்னைப் பார்த்தார். "நான் இவருகிட்ட போன்லயே தெளிவா சொன்னேன், நாம நிதானமா சரி பண்ணிக்கலாம்னு. சொன்னேன் இல்ல?"

நான் சொல்லவேண்டியது நாலே வரி. இவள் முதலிலேயே தடுத்தாள். நீங்கள்தான் கேட்கவில்லை. என் ஜிக் தப்பு. மூடி மறைக்கச் சொன்னீர்கள். தொண்டை வரை வந்தது. வீட்டுக் கடன், அம்மாவின் மாத்திரை, இந்த வயசில் எங்கே போய் வேலை தேடுவது என்று வேறு ஏதேதோ அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

"யாராச்சும் எதாச்சும் சொல்லணுமா?" என்றார்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மேஜையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். காத்துக்கொண்டிருந்தாள், பொறுமையாக, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "சரி சார்" என்று எழுந்தாள். அந்த வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு அங்கே வேலை இல்லை.

பெங்களூரில் வேறு வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, அவள் பெட்டியை பஸ் ஸ்டாப்பு வரை நான்தான் தூக்கி வந்தேன். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வந்தேன். கேட்டேனா? பஸ் எத்தனை மணிக்கு, தண்ணி பாட்டில் இருக்கா என்று கேட்டேன். அவளே பேசினாள்.

"அண்ணே, வாரம் ஒரு மெசேஜ் போடுதியளா? தங்கச்சி நல்லாருக்குன்னு. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"போடறேம்மா" என்றேன்.

முதல் வாரம் எழுதினேன். பாப்பா நல்லா கீது. அதோடு நிறுத்த மனசு வரவில்லை, மீட்டிங்கைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. அழித்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அனுப்புவது? அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். வாரங்கள் ஓடின. நான் செய்த ஒரே நல்ல காரியம், என் ஜிக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுவிட்ச் வைத்ததுதான். தட்டினால் அந்தக் கம்பி கழன்றுகொள்ளும். எந்தப் போர்டு வந்தாலும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் இன்றுவரை கையெழுத்துப் போடுவதில்லை. அதையாவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

நாலு மாசம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம்.

"அண்ணா, அந்தக்கா வந்துச்சு" என்றாள் பாப்பா.

"எந்தக்கா?"

"எங்க ஷாப்ப நிறுத்துச்சே, அந்தக்கா. ஷிப்ட் வுட்டு வெளிய வர்றேன், கேட்டாண்ட நின்னுகினு கீது. காத்தால பெங்களூர்ல பஸ் ஏறிச்சாம். வந்ததும் வராததுமா, ரெண்டு கையையும் காட்டுன்னுச்சு. காட்டினேன். திருப்பிக் காட்டுன்னுச்சு. ஒவ்வொரு வெரலா தொட்டுப் பாத்துச்சுண்ணா. அப்புறம் அங்கியே செக்யூரிட்டி சேர்ல உக்காந்துகினு அழுவுது. எனக்கு ஒண்ணியும் புரியல. வூட்டுக்கு வாக்கான்னு கூப்ட்டேன், இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிடுச்சு."

"என்னப் பத்தி எதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லா கீறாருன்னேன். 'அண்ணன் மெசேஜே போடல, அதாம் பயந்து வந்தேன்'ன்னுச்சு." பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏன்ணா போடல?"

"வெக்கமா இருந்துச்சு பாப்பா" என்றேன்.

"அத என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?"

பாப்பா இடது கைக்காரி. ஆனால் அம்மா திட்டித் திட்டிச் சாப்பாடு மட்டும் வலது கையால். எச்சில் படாத இடது கையால் என் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தாள்.